ஆடு மேயாத பூச்செடிகள்

தமிழகத்தின் வறண்ட சமவெளிகளில், கிணற்று நீர் பயிருக்கும் குடிப்பதற்குமே போதாதிருந்த ஊர்களில், வீட்டு முகப்புக்கும் தோட்ட வேலிக்கும் உரிய பூச்செடிகள் நெடுங்காலப் பட்டறிவால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அத்தேர்வின் விதிகள் ஏட்டில் எழுதப்படவில்லை எனினும், இன்றும் அவ்வேலிகளில் நிற்கும் செடிகளைக் கொண்டு அவற்றை உய்த்துணரலாம்: போத்து நட்டால், அதாவது முற்றிய கிளையொன்றை ஒடித்து மண்ணில் ஊன்றினால், செடி வேர்பிடிக்க வேண்டும், தெருவில் திரியும் ஆடு அதனை மேயக்கூடாது, சித்திரை, வைகாசி வெயிலில் நீரின்றியும் அது பூக்க வேண்டும்.

இம்மூன்றிலும் முழுமையாகத் தேறியது அரளி. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து இந்தியா வரை இயல்பாக வளரும் இப்புதர், சில மாதங்கள் வெள்ளம் பாய்ந்து, எஞ்சிய மாதங்களில் மணல் மட்டுமே கொதிக்கும் ஓடைப்படுகைகளைத் தாயகமாகக் கொண்டது என்பதால், நீரைத் தேடி ஆழத்தில் வேரோட்டும் இயல்பைப் பெற்றிருக்கிறது. இலைகள் சுவாசிக்கும் நுண்துளைகள் அரளியில் இலையின் அடிப்புறத்துக் குழிகளுக்குள் மென்மயிர்களால் மூடப்பட்டு ஒளிந்திருப்பதால், சுடுகாற்று வீசும்போதும் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. செடி முழுவதும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நச்சு நிறைந்திருப்பதால் ஆடும் மாடும் அதனை நெருங்குவதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இதனை நடுவோர் மறக்கவே கூடாத செய்தியும் இதுதான். மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் கிடப்பது அரளி மாலை. அதே பூ தமிழகக் கோயில்களில் வழிபாட்டுக்கு உகந்ததாக ஏற்கப்பட்டு, சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் உழவர்கள் தோட்டந்தோட்டமாகப் பயிரிடும் வணிகப் பூவாகவும் ஆகியிருக்கிறது.

பிற்காலத்தில் கடல் கடந்து வந்தவையும் இதே அளவுகோல்களால்தான் ஏற்கப்பட்டன. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த பொன்னரளி, பாலிலும் விதையிலும் நஞ்சைக் கொண்டு, அரளியின் உறவாகவே இங்கு பெயர்பெற்றது. காகிதப்பூவின் வரலாறு இன்னும் விரிவானது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடற்பயணத்தில் தாவரவியலாளராகச் சென்ற பிலிபேர் கொம்மேர்சோன், 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அதனைச் சேகரித்துப் பயணத் தலைவரான பூகென்வில்லின் பெயரைச் சூட்டினார். கொம்மேர்சோனுக்கு உதவியாளராக, ஆண்வேடமிட்டுக் கப்பலேறியிருந்த ழான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுபவர். அவருடைய உழைப்புக்கு உரிய மதிப்பு மிகத் தாமதமாகவே கிடைத்தது. காகிதப்பூவில் வண்ணமாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, பூவைச் சூழ்ந்த பூவடி இலைகளே. உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே சிறு குழல்களாக நிற்கின்றன. ஆடு இதன் தளிரைக் கடிக்கத் தயங்குவதில்லை எனினும், கடித்த இடத்தில் செடி மீண்டும் துளிர்க்கிறது. நீர் குறையும்போது இலையைக் குறைத்துப் பூவைப் பெருக்கும் இயல்புடைய இச்செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றுவோர் பச்சைக் கொடியை மட்டுமே காண்பர்.

மடகாஸ்கர் தீவின் நித்தியகல்யாணி கசப்பினால் கால்நடைகளிடமிருந்து தப்புகிறது. யாரும் பேணாத சுடுகாட்டு மண்ணிலும் ஆண்டு முழுவதும் பூத்ததால் சுடுகாட்டு மல்லி எனப்பட்ட அச்செடியிலிருந்து, 1950களின் இறுதியில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் அது மானாவாரிப் பயிராகவும், அதாவது மழையை மட்டுமே நம்பிய பயிராகவும், இடம்பெற்றது.

உண்ணிச்செடியோ இம்மூன்று சோதனைகளையும் வென்று பெருங்கேடாக முடிந்தது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளுக்குச் சென்று, பல வண்ணங்களில் கலப்பினமாக்கப்பட்ட இப்புதர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. அதன் சிறு கருங்கனிகளைத் தின்ற பறவைகள் விதைகளைக் காடெங்கும் எச்சமிட, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மானும் காட்டெருதும் மேய வேண்டிய புல்தரைகளை அது மூடிக்கொண்டது. அரளியும் காகிதப்பூவும் நட்ட இடத்தில் நிற்க, இது ஓரிடத்தில் நில்லாமல் பரவியதற்கு மனிதரின் கவனக்குறைவே முதற்காரணம். நட்ட எல்லைக்குள் செடி அடங்குமா என்ற கேள்வியை அன்று எவரும் எழுப்பவில்லை. கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் இன்று அதன் தண்டுகளை வெட்டி யானை உருவங்கள் செய்கின்றனர். காட்டை மீட்கும் பணிக்கு அது நல்ல துணை, எனினும் பரவிய பரப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறிதே.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய வெட்சி, இட்லிப்பூ என இன்று அழைக்கப்படுவது, இவ்வரிசையில் தகுதிக்குக் குறைவான கவனத்தையே பெற்றிருக்கிறது. ஆநிரை கவரச் செல்லும் மறவர் சூடும் பூவாகத் தொல்காப்பியப் புறத்திணைக்குப் பெயர் தந்த இச்செடி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் நூலிலும் படத்துடன் இடம்பெற்றது. முழு வெயிலில்தான் இது கொத்துக்கொத்தாகப் பூக்கும்; ஆனால் செம்புறை மண்ணுக்குப் பழகியதாகையால், சுண்ணாம்பு மிகுந்த சமவெளி மண்ணில் இரும்புச்சத்தை உறிஞ்ச இயலாமல் இலை வெளிறும். அத்தகைய இடங்களில் குழியை அகலமாகத் தோண்டிச் செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் இட்டு, வேர் நிலைக்கும் வரை முதற்கோடையில் மட்டும் நீர் விட்டு வளர்ப்பது நல்லது.