வளர்ப்புப் பராமரிப்பு (தென்காசி மாவட்டம்)

பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தையை, தத்தெடுக்காமல், குறிப்பிட்ட காலம் ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. 2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்திலும், குழந்தையைக் குடும்பத்திடம் ஒப்படைக்க ஆணையிடுவது குழந்தைகள் நலக் குழு. வீட்டாய்வும் ஆலோசனையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணி.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டம், வளர்க்கும் குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. பீடி சுற்றியும் குற்றால அருவிச் சீசனை நம்பியும் பிழைக்கும் வீடுகளுக்கு அது உதவும். ஆனால் பணத்தைவிடப் பயிற்சியே முக்கியம். அடியும் பசியும் கண்ட பிள்ளை சோற்றை ஒளித்து வைக்கும், படுக்கையை நனைக்கும், திடீரெனச் சீறும். இவை திமிரல்ல, பயம் என்பதை வளர்ப்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024 வழிகாட்டு நெறிகளின்படி மணமாகாதவரும் விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 1098ஐ அழையுங்கள்.