பேச்சுவாக்கில் பிறந்த இலக்கு

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை அறிவிக்கும்போதெல்லாம் '4 சதவீதம்' என்ற எண் தலைகாட்டும். பணவீக்கம் அதையொட்டி நிற்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் 2 சதவீதத்துக்குள். நம் வீட்டுக்கடன் தவணையை ஆட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டின் பிறப்பிடம், நியூசிலாந்தின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டி.

1988 ஏப்ரல் 1. விலையேற்றம் தணிந்துவந்த நேரம். அரசு இத்தோடு ஓய்ந்துவிடும் என்று மக்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கவலை நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸுக்கு. பூஜ்யம் முதல் 1 சதவீதம்தான் தன் விருப்பம் என்று சொல்லிவைத்தார். சூத்திரம் எதுவும் இல்லை! மறுவருடமே சட்டம் வந்தது. 1990இல் 0 முதல் 2 வரை என எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். தவறினால் மத்திய வங்கி ஆளுநரின் வேலையே போகலாம்.

அந்த நாற்காலியில் இருந்த டான் பிராஷ் கிவிப் பழ வணிகத்தில் இருந்தவர். தன் உறவுக்காரப் பெரியவர் ஒருவரின் கதையை அவர் மேடையில் சொன்னதுண்டு. பாடுபட்டு வளர்த்த ஆப்பிள் தோட்டத்தை 1971இல் விற்று, பணத்தை அரசுக் கடன்பத்திரத்தில் போட்டார் அந்த மனிதர். முதிர்ந்து கைக்கு வந்தபோது அதன் வாங்கும் சக்தியில் சுமார் 90 சதவீதம் கரைந்திருந்தது.

சிலியும் கனடாவும் சீக்கிரமே பின்தொடர்ந்தன. பிரிட்டன் விரும்பி வரவில்லை. 1992 செப்டம்பரில் ஜார்ஜ் சோரோஸ் போன்ற ஊக வணிகர்கள் பவுண்டை விற்றுத் தள்ள, அதன் மதிப்பைக் கட்டிவைத்திருந்த ஐரோப்பிய நாணயமாற்று ஏற்பாட்டிலிருந்து வெளியேறி, அடுத்த மாதமே பணவீக்க இலக்கைப் பற்றிக்கொண்டது.

வேடிக்கை இனிமேல்தான். 1999 ஜனவரியில் பிரேசிலின் நாணயமான ரியாலும் சரிந்தது. மீட்க வந்த மத்திய வங்கித் தலைவர் அர்மினியோ ஃபிராகா, அதுவரை அதே சோரோஸின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்! வெளிநாட்டு மூலதனம் நினைத்தபோது வந்து, நினைத்தபோது ஓடும் நாட்டில் நாணய மதிப்பைக் கட்டிப்பிடிக்க டாலர் கையிருப்பு போதாது. ஆகவே நாணயத்தை மிதக்கவிட்டுப் பணவீக்க இலக்கைப் பிடித்தார்கள். இலக்கு தவறினால் தலைவர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும். 2001இல் தவறியது, ஃபிராகாவே எழுதினார்.

ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது உர்ஜித் படேல் குழு 2014இல் இதே முறையைப் பரிந்துரைக்க, இந்தியா 2016இல் சட்டத்தைத் திருத்தியது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இலக்கு தவறினால் ரிசர்வ் வங்கி அரசுக்கு விளக்கம் தர வேண்டும். 2022இல் அப்படித் தவறியது, விளக்கமும் போனது. ஆனால் அது பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. பிரேசிலைப் போல நாமும் இலக்கு வைத்துக்கொண்டோம். அதன் பகிரங்கக் கடிதத்தை விட்டுவிட்டோம்.