பாலங்களின் உணரிக் கண்காணிப்பு

பாலத்தின் உறுதியை உணரிகளால் இடைவிடாது அளந்து, பழுதை முன்னதாகவே அறியும் முறை. திரிபுமானி இரும்பிலும் கான்கிரீட்டிலும் நேரும் நுண்ணிய நீட்சியைக் காட்டும். முடுக்கமானி அதிர்வைப் பதியும். உறுப்பு தளர்ந்தால் பாலத்தின் இயல்பு அதிர்வெண் குறையும்.

திரிபுமானி 1938இலேயே உருவானது. ஆனாலும் பாலச் சோதனை நெடுங்காலம் கண்ணையும் சுத்தியலையும் நம்பியே நடந்தது. 1967 டிசம்பர் 15இல் அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுச் சில்வர் பாலம் சரிந்து 46 பேர் இறந்தனர். தொங்கு சங்கிலியின் ஒரே பட்டையில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் வளர்ந்த வெடிப்பே காரணம். 1997இல் திறந்த ஹாங்காங் சிங் மா பாலத்திலோ நிரந்தர உணரிகள் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலம் 1998இல் இடிக்கப்படும் முன் ஏறத்தாழ ஓராண்டு அளக்கப்பட்டது. கடுங்குளிரில் தார்த்தளம் இறுகியதால் அதன் அதிர்வெண் உயர்ந்தது. தட்பவெப்பத்தின் விளைவைப் பழுதிலிருந்து பிரித்தறிவதே இத்துறையின் கடினமான வேலை.

மலேசியாவின் கடற்பாலங்களில் தட்பவெப்பத்தோடு வேறு சுமைகளும் சேர்கின்றன. அங்கே பிறையையும் குளுகோரையும் இணைக்கும் 13.5 கி.மீ. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. உப்புக்காற்று, கனரக லாரிகள், சுமத்ரா நிலநடுக்கங்களின் தொலைதூர அதிர்வு ஆகிய மூன்றும் பினாங்கு நீரிணைப் பாலங்களைச் சோதிக்கின்றன. 2014இல் திறந்த இரண்டாம் பாலம் நிலநடுக்கத்தைத் தாங்க, அதிர்வை உறிஞ்சும் இயற்கை ரப்பர் தாங்கிகள் மேல் அமர்ந்துள்ளது.

தமிழ்நாட்டில் உணரிக் கண்காணிப்பு மெய்யாகவே சோதிக்கப்பட்ட இடம் பாம்பன். ராமேசுவரம் தீவுக்குச் செல்ல 1914 பிப்ரவரி 24இல் திறந்த ரயில் பாலத்தின் நடுவே, கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து உயரும் செர்சர் தூக்குப் பாலம் இருந்தது. 1964 புயலில் பாலம் சிதைந்தபோதும் தூக்குப் பகுதி தப்பியது. பிறகு உப்பு அதை ஓயாமல் அரித்தது. 2018 டிசம்பரில் அங்கே பழுது தென்பட, ரயில்கள் நின்றன. சரிசெய்து 2019இல் மீண்டும் ஓடின. சென்னை ஐ.ஐ.டி. உணரிகளைப் பொருத்தியது. 2022 டிசம்பரில் அவை எச்சரித்ததும், 23ஆம் தேதி முதல் ரயில்வே போக்குவரத்தை நிறுத்தியது. கருவி சொன்னதை நிர்வாகம் தட்டாமல் கேட்டது. இத்துறையில் அதுவே அரிது. அந்தத் தூக்குப் பாலத்தில் பயணிகள் ரயில் மறுபடி ஓடவில்லை. பக்கத்தில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கும்வரை, ராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே தீவுக்குப் போனார்கள்.