கிளர்வூட்டி மருந்துகளின் முறைகேடான பயன்பாடு: மதுரை வட்டாரம்

நடு நரம்பு மண்டலத்தின் இயக்கத்தை முடுக்கி, தூக்கம், பசி, களைப்பு ஆகியவற்றைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டு, விழிப்பையும் கவனத்தையும் கூட்டும் மருந்துகள் கிளர்வூட்டி மருந்துகள் எனப்படும். நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன், நார்அட்ரினலின் என்னும் பொருள்கள் மீண்டும் உறிஞ்சப்படாமல் மெத்தில்ஃபெனிடேட் என்னும் கிளர்வூட்டி தடுக்கிறது. மற்றொரு கிளர்வூட்டியான ஆம்ஃபெட்டமைனோ அவற்றைக் கூடுதலாக வெளியேற்றவும் செய்கிறது. உரிய அளவில் கவனத்தைச் சீராக்கும் இவ்வினையே அளவு மீறும்போது இரத்த அழுத்த உயர்வு, இதயத் துடிப்புச் சீர்கேடு, தூக்கமின்மை, பிறர் தன்னைத் துரத்துவதாக நம்பும் மனப்பிறழ்வு, மருந்தின்றி இயங்க முடியாத சார்புநிலை ஆகியவற்றுக்கு வழிவகுக்கிறது.

ஆம்ஃபெட்டமைன் 1887ஆம் ஆண்டு பெர்லினில் முதன்முதலாக உருவாக்கப்பட்டது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கல் கொண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட மாற்றங்களை 1937இல் வெளியிட்டார். மெத்தில்ஃபெனிடேட்டை சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1944இல் தயாரித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் ஆம்ஃபெட்டமைன் வகையைச் சேர்ந்த மெத்தம்ஃபெட்டமைன் பொதுமக்களிடையே பரவி, 1951இல் தனிச் சட்டம் இயற்றும் அளவுக்குப் பெரும் சிக்கலானது.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்கு (ஏ.டி.எச்.டி) மெத்தில்ஃபெனிடேட் நன்கு நிறுவப்பட்ட மருந்தாகும். கேடு அம்மருந்தில் இருப்பதைவிட, குறைபாட்டை அவசரத்தில் அறுதியிடுவதில்தான் மிகுதி. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, குறைந்தது ஆறு மாதம் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தென்பட வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள வரையறை. கேட்கும் திறன் குறைந்த குழந்தையும், இரத்தசோகையால் சோர்ந்த குழந்தையும், எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இடர்ப்படும் குழந்தையும் வகுப்பறையில் ஒரே மாதிரி கவனமற்றுத் தோன்றக்கூடும். ஒரே வகுப்பில் வயதில் இளைய மாணவர்களே இக்குறைபாடு உள்ளவர்களாக அதிகம் முத்திரை குத்தப்படுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பது, வயதுக்குரிய துறுதுறுப்பு எவ்வளவு எளிதில் நோயாகிவிடுகிறது என்பதை உணர்த்துகிறது. தேவையின்றி மருந்து பெறும் குழந்தைக்குப் பசியும் உறக்கமும் குறைவதோடு வளர்ச்சியும் சற்று மந்தமாகலாம். எனவே மருந்து தரப்படும் குழந்தையின் உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்துவருவது சிகிச்சையின் பகுதியே அன்றிக் கூடுதல் கரிசனம் அன்று.

மிகைப் பரிந்துரையின் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்காவாகும். கொரோனா காலத்தில் அங்கு நேரில் பாராமலேயே இணையவழியில் இம்மருந்துகளை எழுதித்தர இடமளிக்கப்பட்டது. அவ்வழியில் இயங்கிய நிறுவனங்கள் சில பின்னர் விசாரணைக்கு உள்ளாயின. இந்தியாவில் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதற்கு நேர்மாறாக, கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அட்டவணை எக்ஸ் மருந்துகளைத் தொலைவிலிருந்து பரிந்துரைப்பதைத் தடைசெய்தது. மருந்துகள் விதிகள், 1945இன்படி மெத்தில்ஃபெனிடேட் இவ்வட்டவணையைச் சேர்ந்தது. அதை விற்கத் தனி உரிமம் வேண்டும், மருந்துச் சீட்டு இரு படிகளாக எழுதப்பட வேண்டும், ஒரு படியை விற்பவர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன் கட்டுப்பாடும் இதற்கு உண்டு. ஆகவே மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருந்து குழந்தையை மதுரைக்கு அழைத்துவரும் பெற்றோருக்கு, இம்மருந்து எளிதில் கிடைத்துவிடுகிறது என்பது கவலையாக இருக்க இடமில்லை. தனி உரிமம் பெற்ற மருந்துக்கடையைத் தேடிப்பிடிப்பதே அவர்களுக்குரிய வேலை.

இந்தக் கெடுபிடி எல்லாக் கிளர்வூட்டிகளுக்கும் இல்லாததுதான் உள்ளூரில் உண்மையான ஓட்டை. முதுகுத்தண்டில் மயக்கமருந்து செலுத்தும்போது சரியும் இரத்த அழுத்தத்தை நிமிர்த்துவதற்காக அறுவை அரங்கில் வைக்கப்படும் மெஃபென்டெர்மின் ஊசிமருந்து, வேதியமைப்பில் ஆம்ஃபெட்டமைனுக்கு நெருங்கிய உறவாக இருந்தும் அட்டவணை எக்ஸில் இடம்பெறவில்லை. களைப்புத் தெரியாமல் பளு தூக்கலாம் என்று நம்பி உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் இதைத் தாங்களே செலுத்திக்கொள்வது இந்தியாவின் பல மாநிலங்களில் கண்டறியப்பட்டுள்ளது. சார்புநிலைக்கும் மனப்பிறழ்வுக்கும் ஆளானவர்களைப் பற்றி இந்திய மனநல மருத்துவர்களும் எழுதியுள்ளனர். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் இது உண்டு. சல்லிக்கட்டுக் காளைக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு; கூடத்தில் பளு தூக்குபவரை அவ்வாறு பார்ப்பார் இல்லை. மதுரைச் சமவெளியில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதால் இவ்வூசியின் கேடு இரட்டிப்பாகிறது: கிளர்வூட்டிகள் உடலில் வெப்பத்தைப் பெருக்கி, தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, அவ்வெப்பம் வெளியேறும் வழியையும் அடைக்கின்றன, களைப்பு என்னும் எச்சரிக்கையும் மறைந்துவிட்டபின் உடல் தாங்கும் எல்லை எது என்று பயிற்சி செய்பவருக்கே தெரிவதில்லை. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம்.

மிகையுறக்க நோய்க்கும், இரவுப்பணியால் நேரும் உறக்கக் கோளாறுக்கும் உரிய மோடாஃபினிலைத் தேர்வுக்காகக் கண்விழிக்க உட்கொள்வோரும் உண்டு. இது ஆம்ஃபெட்டமைனை விட மென்மையானதே. எனினும் அரிதாகத் தோலையும் சளிச்சவ்வையும் உரித்தெடுக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும், கருத்தடை மாத்திரைகளின் பலனையும் குறைக்கும். உறக்கத்தில்தான் நினைவு பதிகிறது என்பதால், இழந்த உறக்கத்துக்கு மாத்திரை ஈடாகாது.

கள்ளச்சந்தை மெத்தம்ஃபெட்டமைனை இவற்றோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. 2024 மார்ச்சில் பொதிகை விரைவு ரயிலில் மதுரை வந்தவரிடம் மத்திய வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் சுமார் 30 கிலோ மெத்தம்ஃபெட்டமைனைக் கைப்பற்றியது கடத்தல் தொடர்பானது. மருந்துச் சீட்டோடு அதற்குத் தொடர்பில்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி ஆம்ஃபெட்டமைன் வகைகளைப் பயன்படுத்துவோர் 10 முதல் 75 வயது வரையிலான மக்களில் 0.18 விழுக்காடு, அபினி வகைகளைப் பயன்படுத்துவோரைவிட இவர்கள் மிகக் குறைவு.

அபினி வகைச் சார்புக்கு மாற்றுமருந்தாகப் புப்ரெனார்ஃபின் இருப்பதுபோல், கிளர்வூட்டிச் சார்புக்கு நிறுவப்பட்ட மாற்றுமருந்து எதுவும் இல்லை. திடீரென நிறுத்தியதும் பேருறக்கமும் கடும் மனச்சோர்வும் வரும். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தோன்றுவதால் முதல் வாரங்களில் கண்காணிப்பு தேவை. அதன்பின் நடத்தைச் சிகிச்சையும் குடும்பத்தின் ஒத்துழைப்புமே முதன்மையாகின்றன. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், 1992இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலச் சிகிச்சை அளித்துவருகின்றன. தமிழக அரசு 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. சிகிச்சைக்குத் தாமாக முன்வரும் போதைச் சார்பாளருக்கு, வரையறுத்த நிலைகளில் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது.