அளந்து வைத்த கலங்கள்

நாவாய், வங்கம், அம்பி, தோணி, பஃறி என்று கலங்களுக்குப் பெயர் வழங்குவதில் நம் இலக்கியம் வள்ளன்மையோடுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆயின் ஒரு வங்கத்தின் நீளம் எவ்வளவு, பலகையோடு பலகையை எவ்வாறு பிணைத்தனர் என்று கேட்டால் பாடல்கள் மௌனம் சாதிக்கின்றன. பிற்காலத்துக் கப்பல் சாத்திரச் சுவடியோ அளவுகளையும் சோதிடப் பலன்களையும் கலந்தே பேசுகிறது. அதைக் கொண்டு ஒரு படகை மனக்கண்ணில் நிறுத்துவது கடினம்.

அந்த வேலையை நம் கடற்கரையில் செய்தவர் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பிரான்சுவா எட்மோன் பாரிஸ் (1806–1893) 1830இல் 'லா ஃபவோரித்' கப்பலில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்தார். பிறர் கோபுரங்களை வரைந்துகொண்டிருக்க, இவர் மீனவர் படகுகளை அளந்தார். மேலிருந்தும் பக்கவாட்டிலும் குறுக்குவெட்டாகவும் அளவு பிசகாமல் வரைந்தார். ஐரோப்பியர் அல்லாத மக்களின் கலங்கள் குறித்து 1841 முதல் அவர் வெளியிட்ட பெருநூலில் நம் கட்டுமரமும் சலங்கும் இடம்பெற்றன.

சலங்கு என்பது ஆங்கிலேயர் மசூலா என்றழைத்த தைத்த படகு. ஆணி இல்லை, விலா எலும்புபோன்ற உட்சட்டமும் இல்லை. பலகை விளிம்புகளில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்து, தையலின்மேல் நார்ப்புரி வைத்து இறுக்குவார்கள். சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். பயணிகளும் சரக்கும் சலங்கில்தான் கரையேற வேண்டும். அலை தூக்கியடித்தால் ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த துறைமுகம் மீண்டும் கட்டப்பட்டு நிலைபெற்றதும், அந்தப் பிழைப்பு போயிற்று.

பாரிஸ் 1871 முதல் இறக்கும்வரை லூவரிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்து, உலகக் கலங்களின் மாதிரிகளைத் திரட்டியும் செய்வித்தும் வைத்தார். மாதிரி செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்போர் இதைக் கவனிக்க வேண்டும். 1:24 அளவில் 9 மீட்டர் படகு 37.5 சென்டிமீட்டராகும், 6 மில்லிமீட்டர்க் கயிறு கால் மில்லிமீட்டர் நூலாகும். அதைத் தைக்கும் விரல்களுக்குத் தையலின் சூட்சுமம் தெரிந்தாக வேண்டும். நெளிவு மட்டும் மாதிரியில் வாராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கந்தர்வக்கோட்டையின் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்துகொண்டு கடலைப் பற்றி நாம் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. 1974இல் மாவட்டம் அமைந்தபோதுதான் கோட்டைப்பட்டினக் கரை நம்மோடு சேர்ந்தது. அங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. எஞ்சியிருக்கும் மரக்கலங்களையேனும் அளவுநாடாவும் காகிதமுமாகச் சென்று நாமே அளந்துகொள்ள வேண்டும். கட்டத் தெரிந்த தச்சரை அருகிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் வாயால் பெயர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.