போல்ட்டுக்குள் படிந்த கரி

"பழைய நினைவு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வகுப்பறை அல்ல, என்.சி.சி. ஸ்டோர் ரூமும், அங்கே எப்போதும் வீசும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும்தான். சுட்டுப் பழகும் நாளில், .22 துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றித் துடைத்து ஹவில்தார் சாரிடம் காட்டிய பிறகுதான் டிபன் பொட்டலம் கைக்கு வரும். அவர் போல்ட்டின் முகத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். "மேலே மினுக்கி என்னப்பா பிரயோஜனம்? உள்ளே கரி அப்படியே இருக்கே. போ, மறுபடி துடை!" என்பார். அன்று எரிச்சலாக வந்தது. அந்தக் கரிக்கு ஒரு சரித்திரமே உண்டு என்பது, இன்ஜினியராகிப் பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் .22 துப்பாக்கியில் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் அந்த வேலையை வெடிமருந்தின் வாயுவே செய்கிறது. பல துப்பாக்கிகளில் இந்த வாயு ஒரு பிஸ்டன் தண்டைத் தள்ளும். அமெரிக்காவின் ஆர்மலைட் நிறுவனத்தில் 1950களில் வேலை பார்த்த யூஜின் ஸ்டோனர், தண்டை எடுத்துவிட்டு, ஒரு சின்னக் குழாய் வழியாக வாயுவை நேரே போல்ட் கேரியருக்குள் கொண்டுவந்தார். எடை குறைந்தது. ஆனால் வாயுவோடு கரியும் அங்கேயே வந்து படியும். அந்த ஏ.ஆர்.-15தான் பிறகு எம்-16 ஆகி வியட்நாம் போனது.

முதல் சோதனைகளில் பயன்படுத்தியது ஒரு வகை வெடிமருந்து. 1964ல் இராணுவம் வேறொரு உருண்டைத் தூள் மருந்தை அனுமதித்தது. இதில் கழிவு அதிகம் படிந்தது. போல்ட் முன்னும் பின்னும் ஓடும் வேகமும் கூடிவிட்டது. தோட்டா உட்காரும் சேம்பருக்குக் குரோமிய முலாமும் பூசவில்லை. வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் சேம்பர் துருப்பிடித்தது. வெடித்த கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்ள, அதை இழுக்க வேண்டிய எக்ஸ்ட்ராக்டர் கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது. குழல் வாய் வழியாகக் கம்பி விட்டுக் குத்தித்தான் கூட்டை வெளியே தள்ள வேண்டும். அந்தக் கம்பிகூடப் பலரிடம் இல்லை! 'இதைச் சுத்தம் செய்யவே தேவையில்லை' என்ற பேச்சு வேறு பரவியிருந்தது.

துப்பாக்கியே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. 1965 நவம்பரில் ஐயா டிராங் பள்ளத்தாக்கில் ஹால் மூரின் படை இதே துப்பாக்கியோடுதான் போரிட்டது. பிறகு அவர் அதைப் பாராட்டவே செய்தார். பழகிய கை, முறையான பராமரிப்பு. ஆனால் 1967ல் கே சான் மலைகளில் நடந்த சண்டையில், இறந்த வீரர்கள் சிலரின் பக்கத்தில் பிரித்துப் போட்டபடி துப்பாக்கிகள் கிடந்தன என்று ஒரு வீரர் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அது பாராளுமன்றம் வரை போனது. ரிச்சர்ட் இகார்ட் தலைமையிலான குழு விசாரித்து, அதே வருடம் அக்டோபரில் அறிக்கை தந்தது. தோட்டாவின் குறை தெரிந்தும் அதிகாரிகள் சரிசெய்யாமல் விட்டது குற்றத்துக்குச் சமமான அலட்சியம் என்கிற அளவுக்கு அது கடுமையாக இருந்தது.

பிறகு சேம்பருக்கு முலாம் வந்தது, பஃபர் மாறியது, துடைக்கும் சாமான்கள் போய்ச் சேர்ந்தன. 1968ல் வில் ஐஸ்னர் என்ற படக்கதைக் கலைஞரை வைத்து இராணுவம் ஒரு சித்திரப் புத்தகமே போட்டது. போல்ட்டைப் பிரிக்கும் வரிசை எளிதானது. முதலில் துப்பாக்கி காலியா என்று பார்ப்பது. பிறகு பூட்டுப் பின், ஃபயரிங் பின், கேம் பின், கடைசியில் போல்ட். எக்ஸ்ட்ராக்டர் பின்னைத் தள்ள ஃபயரிங் பின்னின் முனையே போதும். ஏழு பூட்டுப் பற்களின் இடுக்கு, எக்ஸ்ட்ராக்டரின் அடிப்பக்கம், மூன்று வாயு வளையங்கள் உட்காரும் வால் பகுதி ஆகிய இடங்களில்தான் கரி ஒளிந்திருக்கும். திரும்பப் பூட்டும்போது கேம் பின்னை மறந்தால், போல்ட் பூட்டிக்கொள்ளாமலே வெடித்துச் சுடுபவருக்கே ஆபத்து. இதையெல்லாம் சொல்லித்தர ஒரு ஹவில்தார் சார் இருந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்களோ!

எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், பழைய கிரீஸ் கிடைக்கவில்லை என்று அதற்கு ஈடான வேறொன்றைப் போடக் கேட்டார்கள். காகிதத்தில் எண்கள் பொருந்தின; நான் கையெழுத்துப் போட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் பேரிங் இறுகி இயந்திரம் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அன்று ராத்திரி பேரிங்கைப் பிரித்த ஃபிட்டர் அண்ணன், கறுத்துப்போன கிரீஸை விரலில் எடுத்து என் முன்னால் நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, நாளை உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு காகிதம் வரும். 'சின்ன மாற்றம்தானே சார்' என்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்து உள்ளே பாருங்கள். முடிந்தால் நகத்தால் சுரண்டியும் பாருங்கள்.