மந்திரவாதிகளின் பஞ்சாங்கம்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்குமேல் நீளும் அந்தக் கதையில் கோயில் வருவதில்லை, பூசாரி வருவதில்லை, யாரும் விரதமிருப்பதில்லை. ஆபத்து வேளையில் யாராவது ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கொண்டோர் நாட்டு வீரர்கள் சாப்பிட உட்காருமுன் மேற்குத் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அதைப் பார்க்கும் ஹாபிட்டுகள் என்ற குள்ள இனத்தாருக்கு, தங்கள் ஊரில் அப்படியொரு வழக்கமே இல்லையே என்று கூச்சமாகிவிடுகிறது. வழிபாடு இவ்வளவு மெலிந்துபோன அதே நூலின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு முழுக்கப் பஞ்சாங்கம்! எந்த இனத்தாருக்கு எப்போது வருஷப் பிறப்பு, மாதத்துக்கு எத்தனை நாள், லீப் வருஷத்தில் கூடும் நாளை எங்கே செருகுவது, எந்த நாள் விடுமுறை என்று, பாம்புப் பஞ்சாங்கம் கணிப்பவரே அசந்துபோகும் நுணுக்கத்தோடு எழுதியிருக்கிறார்.

மிகுபுனைவு நாவல்களில் மதம் ஏன் இளைத்துக் கிடக்கிறது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் ஒன்றுண்டு. மந்திரக்கோலை ஆட்டினால் காயம் ஆறும் ஊரில் நேர்த்திக்கடன் எதற்கு? சொன்ன சொல்லுக்கு மழை பெய்யும் இடத்தில் மழைக்காக யார் வேண்டிக்கொள்வார்கள்? மந்திரம் வந்ததும் மதம் வேலையிழந்துவிடுகிறது என்பது அந்த வாதம். பாதி சரி. ஆனால் அதே கணக்கின்படி பண்டிகையும் சேர்ந்தே போயிருக்க வேண்டுமே, அது போகவில்லை. இருபதாம் நூற்றாண்டு ஆங்கில மிகுபுனைவின் வரலாற்றைப் பார்த்தால், கடவுளை எடுத்துவிட்டவர்களும், கடவுளை ஒளித்துவைத்தவர்களும், கடவுளைக் கேலி செய்தவர்களும் பண்டிகையை மட்டும் கைவிடவில்லை. மந்திரம் தனியாள் வித்தை. தெரிந்தவனுக்குத் தெரியும், மற்றவன் வேடிக்கை பார்ப்பான். ஒரு நாளைப் பிடித்து நிறுத்தி, ஊரிலுள்ள எல்லோரையும் அந்த நாளுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் காரியம் எந்த மந்திரவாதிக்கும் கைவருவதில்லை. அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால்தான் பண்டிகை தப்பித்தது.

ஹாபிட்டுகள் வாழும் ஷயரின் பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டு மாதம், ஒவ்வொன்றுக்கும் 30 நாள். மிச்சமுள்ள 5 நாள் எந்த மாதத்துக்கும் சொந்தமில்லை. வருஷத்தின் கடைசி நாளும் புது வருஷத்தின் முதல் நாளும் 'யூல்', நடுக்கோடையில் வரும் மூன்று நாள் 'லித்'. லீப் வருஷத்தில் லித் நான்கு நாளாகும். இவை ஐந்தும் தின்று குடித்துக் கொண்டாடும் நாட்கள். லித் நாட்களில் நடுநாளுக்கும் லீப் நாளுக்கும் கிழமைகூடக் கிடையாது. ஆகவே எந்தத் தேதியும் எல்லா வருஷமும் ஒரே கிழமையில்தான் விழும். தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்து ஒரு நாள் லீவு போய்விட்டதே என்ற புலம்பலுக்கு அங்கே இடமில்லை. இந்த ஏற்பாட்டில் எந்த மாதமும் வெள்ளிக்கிழமை பிறப்பதில்லை. அதனால் நடக்காத காரியத்தை, நாம் பிப்ரவரி 30 என்பதுபோல, ஹாபிட்டுகள் ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை என்று கிண்டல் செய்வார்களாம். இதில் பெரும்பகுதி டோல்கீனின் கற்பனை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் மொழிப் பேராசிரியராக இருந்த அவருக்கு, வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட் 725-இல் லத்தீனில் எழுதிய காலக்கணக்கு நூல் நன்றாகத் தெரியும். ஈஸ்டர் தேதியைக் கணிக்கும் முறையைச் சொல்ல வந்த பீட், போகிற போக்கில் ஓர் அத்தியாயத்தில், கிறிஸ்தவம் வருமுன் ஆங்கிலேயர் வைத்திருந்த மாதப் பெயர்களைக் குறித்துவைத்தார். குளிர்காலத்து யூலும் கோடைக்காலத்து லித்தும், அதிகமாதம் வரும் வருஷத்தில் லித் மூன்றாவதும், அதில்தான் இருக்கின்றன. நவம்பருக்குப் பழைய ஆங்கிலேயர் வைத்த பெயர் பிளாட்மோனத். வெட்டப்போகும் ஆடுமாடுகளைத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்ட மாதம் என்கிறார் பீட். ஷயரிலும் நவம்பரின் பெயர் பிளாட்மத். நேர்ந்துவிட தெய்வமில்லை, மாதம் மட்டும் இருக்கிறது. புறச்சமயத்து விழாவை ஒரு கிறிஸ்தவத் துறவி ஏட்டில் ஏற்றினார். பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து இன்னொரு கிறிஸ்தவர் அதிலிருந்து தெய்வத்தை உருவிவிட்டு நாளை மட்டும் ஹாபிட்டுகளிடம் கொடுத்தார்.

தன் சொந்தச் சமயத்தையும் அவர் அதே முறையில்தான் கையாண்டார். டோல்கீன் கடைசிவரை பக்தியுள்ள கத்தோலிக்கர். நாவலின் காலவரிசைப் பட்டியலைப் புரட்டினால், தீய மோதிரத்தை அழிக்கக் கிளம்பும் ஒன்பது பேரும் ரிவன்டெல் என்ற இடத்தை விட்டுப் புறப்படும் நாள் டிசம்பர் 25. மோதிரம் எரிமலையில் விழுந்து, கதையின் வில்லன் சவுரோன் வீழும் நாள் மார்ச் 25. முதல் தேதிக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாவது, தேவதூதன் மரியாளிடம் வந்து குழந்தை பிறக்கப்போவதைச் சொன்ன திருநாள். இயேசு சிலுவையில் இறந்ததும் அதே தேதியில்தான் என்று ஒரு பழைய மரபு உண்டு. இங்கிலாந்தில் 1752-இல் ஜனவரி 1-க்கு மாறும்வரை சட்டப்படி புத்தாண்டு பிறந்ததும் மார்ச் 25-இல்தான். நாவலிலும் சவுரோன் விழுந்தபின் கொண்டோரில் இனி அந்த நாளே வருஷப் பிறப்பு என்று அறிவிக்கிறார்கள். இது தற்செயல், வாசகர்கள் வலிந்து பொருள் காண்கிறார்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். கதைக்குள் டிசம்பர் 25-க்கு எந்த விசேஷமும் இல்லை, அன்று யாரும் எதையும் கொண்டாடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர்களுக்காக டோல்கீன் எழுதிவைத்த குறிப்பேடு 1975-இல் அச்சானது. அதில் 'யூல்' என்ற சொல்லுக்குக் குறிப்பெழுதும் இடத்தில், இரண்டு தேதிகளையும் தெரிந்தேதான் வைத்தேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிற மொழிக்காரருக்கு எழுதிய சொற்குறிப்பில் போய் இதைச் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

1953 டிசம்பரில் நண்பரான ஒரு யேசு சபைப் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் காரணமும் சொல்கிறார்: இது அடிப்படையில் கத்தோலிக்க நூல்தான், அதனால்தான் சடங்கு, வழிபாடு என்று கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன், சமயம் கதைக்குள்ளேயே கரைந்திருக்கிறது என்பது அதன் சாரம். கட்டடமாக நிற்கும் மதத்தின்மேல் அவருக்கிருந்த சந்தேகத்தை அவரது பிற எழுத்துகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. நூமெனோர் என்ற தீவின் நடுவே ஒரு மலை. அதன் உச்சியில் கூரையோ சுவரோ ஒரு கல்லோ கிடையாது. வருஷத்துக்கு மூன்று முறை, வசந்தத் தொடக்கத்திலும் நடுக்கோடையிலும் இலையுதிர்காலக் கடைசியிலும், மக்கள் அங்கே ஏறிப்போவார்கள். அரசன் ஒருவன்தான் வாய் திறந்து கடவுளிடம் பேசுவான். கெட்ட காலம் வந்ததும் இந்த மூன்று விழாவும் நின்றுபோகின்றன. அதற்குப்பிறகுதான் சவுரோனின் பேச்சைக் கேட்டுத் தலைநகரில் வெள்ளிக் கூரையோடு பிரம்மாண்டமான ஒரு கோயில் எழும்புகிறது. அது இருளின் அதிபதிக்குக் கட்டியது, அதில் நரபலி. கடவுளுக்கு மலையும் மூன்று நாளும் போதும், கட்டடம் வேண்டியிருந்தது பிசாசுக்கு.

விழா நின்றுபோவதுதான் கேட்டின் அறிகுறி என்பது டோல்கீனோடு முடிந்திருந்தால் ஒரு கத்தோலிக்கரின் தனிப்பட்ட சாய்வு என்று தள்ளிவிடலாம். அப்படி முடியவில்லை. அவரது நண்பர் சி. எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட முதல் நார்னியா கதையில், வெள்ளைச் சூனியக்காரி அந்த நாட்டுக்கு இழைத்த கொடுமை என்ன? குளிர்காலத்தை நீட்டிக்கொண்டே போய், கிறிஸ்துமஸ் மட்டும் வரவிடாமல் செய்ததுதான். அவள் பிடி தளர்கிறது என்பதற்கு முதல் அத்தாட்சியாகக் கிறிஸ்துமஸ் தாத்தாவே பனிச்சறுக்கு வண்டியில் வந்து, பிள்ளைகளுக்கு வாளும் வில்லும், பீவர் அம்மாவுக்குப் புதுத் தையல் மெஷினும் கொடுக்கிறார். கிறிஸ்துவே பிறக்காத உலகத்தில் கிறிஸ்துமஸ் ஏது என்று விவரமறிந்தவர்கள் அன்றே கேட்டார்கள். நண்பர் ரோஜர் லான்ஸ்லின் கிரீன் அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னார், லூயிஸ் மறுத்தார். தர்க்கப்படி கிரீன் சொன்னதே சரி. ஆனாலும் எழுபது வருஷமாக அந்தக் கதையைப் படிக்கும் பிள்ளைகள் அந்த ஓட்டையில் தடுக்கி விழுந்ததாகத் தெரியவில்லை. வராத பண்டிகையின் வருத்தம் அவர்களுக்கு உடனே புரிகிறது.

லூயிஸும் சர்ச்சுக்குப் போகிறவர்தானே, இவர்கள் எல்லோரும் தங்கள் மதத்தை வேறு உடுப்பில் கடத்துகிறார்கள் என்று யாராவது சொன்னால், உர்சுலா லெ குவினை எடுத்துக்கொள்வோம். மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள், சர்ச்சோடு சம்பந்தமில்லாதவர், தாவோயிசத்தில் ஊறியவர். அவரது எர்த்ஸீ தீவுகளின் ஹார்டிக் மக்களுக்குக் கும்பிடக் கடவுளே கிடையாது. அங்கே மந்திரவாதிகளுக்குத் தனிப் பள்ளியே உண்டு. ஆனால் குளிர்காலத்தில் சூரியன் திரும்பும் நாளும், கோடையின் குறுகிய இரவில் விடியவிடிய ஆடும் நீள்நடனமும் உண்டு. ஒவ்வொரு தீவிலும் ஒரே இரவில் தெருவிலிறங்கி ஆடுவார்கள், நடுவே கடல். 1972-இல் வந்த மூன்றாம் நூலில், உலகத்தின் மந்திரம் எங்கோ ஓர் ஓட்டை வழியாக வடிந்துகொண்டிருக்கிறது. வித்தைக்காரர்களுக்குச் சொல் மறக்கிறது, சாயக்காரர்களுக்குத் தொழில் மறக்கிறது. ஆனால் மனதை உறைய வைப்பது நடுக்கடலில் நடக்கும் ஒரு காட்சி. கரையையே மிதிக்காமல் தெப்பங்களில் வாழும் மக்கள் நீள்நடன இரவில் தெப்பம் தெப்பமாகத் தாவி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாடகர்களின் குரல் தடுமாறி நிற்கிறது. பாட்டு மறந்துவிட்டது என்கிறார்கள். காலசையாமல் நிற்கும் கூட்டத்தின் நடுவே, வெளியூர்க்காரனான ஓர் இளைஞன் தனக்குத் தெரிந்த படைப்புப் பாட்டை எடுத்துப் பாடித்தான் அந்த இரவு கரைசேர்கிறது. மந்திரம் செத்துப்போனதை அந்த ஒரு மௌனம் சொல்வதுபோல் நாவலின் வேறெந்தப் பக்கமும் சொல்லவில்லை. அடுத்த தலைமுறையில் டெரி பிராட்செட், கடவுள் நம்பிக்கை இல்லை என்பதை மறைக்காதவர், 1996-இல் 'ஹாக்ஃபாதர்' எழுதினார். பன்றி வண்டியில் வரும் பண்டிகைத் தாத்தாவைக் கொலை செய்ய ஆள் ஏவப்படுகிறது. தாத்தா ஒழிந்தால் மறுநாள் சூரியன் உதிக்காது. சிரிக்கச் சிரிக்கப் படித்துக்கொண்டே வந்தால் முதுகெலும்பு அதே பழைய எலும்பு. கத்தோலிக்கர், ஆங்கிலிகன், தாவோயிஸ்ட், நாத்திகர்: கடவுளைப் பற்றி நால்வருக்கும் நான்கு கருத்து, உலகம் கெட்டதற்கு அடையாளம் மட்டும் ஒன்று.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. மதமே காணோம் என்கிறீர்களே, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலிருந்து கிளைத்த உலகங்களில் தெய்வங்கள் நெரிசலாக அல்லவா இருக்கின்றன? இருக்கின்றன. 1980-இல் வந்த அதன் தெய்வக் கையேட்டில் இந்திரன், காளி, விஷ்ணு வரைக்கும் இடம்பிடித்திருக்கிறார்கள், எத்தனை அடி தாங்குவார்கள் என்ற எண்ணோடு. ஆனால் அங்கே பூசாரி ஜெபித்தால் தவறாமல் மந்திரம் கிடைக்கும், ரேஷன் கடையில் அரிசி கிடைப்பதைவிட ஒழுங்காக. நம்பிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. மதம் என்ற பெயரில் இருப்பது மந்திரத்தின் இரண்டாவது கவுண்டர். அந்த உலகத்தின் மக்களை ஒரு சமூகமாகக் காட்டவேண்டி வந்தபோது அதே ஆட்கள் எதைத் தேடிப்போனார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது. கைகாக்ஸின் கிரேஹாக் உலகத்தில் 28 நாள் கொண்ட பன்னிரண்டு மாதம், இடையிடையே ஏழு நாள் விழா வாரம் நான்கு. 1987-இல் வெளியான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் 30 நாள் மாதம் பன்னிரண்டு, மாதத்துக்கு வெளியே 5 விழா நாள். இது ஷயரின் கணக்கு. அதற்கு முன்னால் பழைய எகிப்தின் கணக்கு. இடையில் மதத்தையே ஒழிக்கக் கிளம்பிய பிரெஞ்சுப் புரட்சியின் கணக்கும் இதுதான். 1793-இல் ஞாயிற்றுக்கிழமையையும் புனிதர் திருநாட்களையும் நீக்கிய அந்தக் குடியரசுக்கு, வருஷக் கடைசியில் மிஞ்சிய 5 நாளை வெறும் நாளாக விட மனமில்லை. நற்குணத்துக்கு ஒரு நாள், உழைப்புக்கு ஒரு நாள் என்று அவற்றை விழாவாக்கிற்று. மக்கள் அதை ஏற்கவில்லை, 1806 பிறந்தபோது நெப்போலியன் பழைய நாட்காட்டிக்கே திரும்பினார்.

இதெல்லாம் வெறும் அலங்காரம், கிறிஸ்துமஸ் வியாபாரத்தின் நிழல் என்று சொல்பவர்களுக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. 2004-இல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கணினி விளையாட்டில் ஒவ்வொரு டிசம்பரிலும் வரும் 'விண்டர் வெயில்' பண்டிகையை, கதைக்குள்ளேயே காப்லின் முதலாளிகளின் கம்பெனி ஒன்று கையிலெடுத்து விற்கிறது. தயாரித்தவர்கள் தங்களையே கேலி செய்துகொண்ட இடம் அது. ஆனால் அலங்காரம் என்றால் கண்ணில் படவேண்டும். டோல்கீனின் மார்ச் 25-க்குள்ளிருந்த பொருள் எளிதில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது, அதை அவர் விற்கவுமில்லை, கதைக்குள் விளக்கவுமில்லை. 2003 முதல் டோல்கீன் சங்கத்தார் ஆண்டுதோறும் அந்த நாளில் பல நாடுகளில் கூடி அவரது நூல்களை வாசிக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் டோல்கீன் வாசிப்பு நாள்.